நாடோடியின் கோல் கணக்கு

டாரியோ ஹூப்னர் என்று பெயரை எடுத்தாலே இத்தாலியக் கால்பந்து ரசிகர்கள் முதலில் பேசுவது அவருடைய சிகரெட்டைப் பற்றியும் க்ராப்பாவைப் பற்றியும்தான். க்ராப்பா என்பது திராட்சைச் சக்கையில் வடிக்கும் காரமான சாராயம். தோளை முன்னால் தள்ளி, தலையைக் குனிந்துகொண்டு, வழியில் நிற்பவரை முட்டிச் சாய்த்துவிடுவதுபோல ஓடுவார். அதைப் பார்த்து 'டடாங்கா', அதாவது காட்டெருமை, என்று பெயர் வைத்தார்கள். 2018இல் கல்குட்டா என்ற இத்தாலியப் பாடகர் தன் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்கு 'ஹூப்னர்' என்றே தலைப்பு வைத்தார். ஓய்வுபெற்ற ஓர் ஆட்டக்காரருக்கு இவ்வளவு அன்பு கிடைப்பது அபூர்வம், அது அவருக்குத் தகும். ஆனால் இந்த அன்பு அவரை ஒரு சுவையான மனிதராக மட்டுமே பார்த்துவிட்டு நின்றுவிடுகிறது. எப்பேர்ப்பட்ட ஸ்ட்ரைக்கர் அவர் என்று யாரும் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பதில்லை. இந்தப் பதிவில் அந்தக் கணக்கைப் பார்க்கப்போகிறேன்.

மூன்று எண்களை வைத்துத் தொடங்கலாம்: 14, 22, 24. 1991-92 பருவத்தில் ஃபானோ அணிக்காக, மூன்றாம் அடுக்கான சீரி சி1இல், 14 கோல் அடித்துத் தன் பிரிவில் முதலிடம். 1995-96இல் செசேனாவுக்காக, இரண்டாம் அடுக்கான சீரி பியில், 22 கோலோடு முதலிடம். 2001-02இல் பியாச்சென்சாவுக்காக, உச்ச அடுக்கான சீரி ஏயில், 24 கோல். யுவெண்டஸின் டேவிட் ட்ரெஸெகேயோடு சேர்ந்து முதலிடம். இத்தாலியின் இந்த மூன்று அடுக்குகளிலும் அதிக கோல் அடித்தவர் என்ற பெருமையைப் பெற்றவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஹூப்னர், மற்றவர் இகோர் ப்ரோட்டி. இருவரும் 1967இல் பிறந்தவர்கள். பெரிய கிளப் எதுவும் இவர்களை வளர்க்கவில்லை. ஊர் ஊராகப் போய் ஆடிப் பிழைத்தவர்கள். இப்படிப்பட்ட ஆட்டக்காரர்களை நாம் வழக்கமாக ஒரு படி கீழேயே வைக்கிறோம். ஓரிடத்தில் நிலைக்கவில்லை என்றால் ஏதோ குறை இருக்கத்தான் வேண்டும் என்று முடிவுகட்டிவிடுகிறோம். எனக்குத் தோன்றுவது இதற்கு நேர் எதிரானது. கோல் அடிக்கும் திறமையை அளக்க வேண்டுமானால், நட்சத்திரத்தின் கோல்களைவிட நாடோடியின் கோல்களே நம்பத்தகுந்த சான்று.

ஏன் என்று சொல்கிறேன். பெரிய கிளப்பில் ஒருவர் பருவத்துக்கு இருபது கோல் அடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் அவர் பங்கு எவ்வளவு, பந்தைக் கொண்டுவந்து காலடியில் வைத்த நடுக்களத்தின் பங்கு எவ்வளவு, எதிரணி பயந்து பின்வாங்கியதால் கிடைத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியே இல்லை. ஒரே வயலில் விதைத்த நெல் நன்றாக விளைந்தால் விதை நல்லதா மண் நல்லதா என்று தெரியாது. செம்மண்ணிலும் கரிசலிலும் களரிலும் போட்டு எல்லா இடத்திலும் முளைத்தால்தான் அது விதையின் குணம் என்று சொல்லலாம். ஹூப்னர் பல அடுக்குகளில், பல பயிற்சியாளர்களிடம், மேலே ஏறிக்கொண்டிருந்த அணிகளிலும் கீழே சரிந்துகொண்டிருந்த அணிகளிலும் ஆடியவர். இத்தனை மாறியும் கோல் மட்டும் நிற்கவில்லை.

சுலோவேனிய எல்லையை ஒட்டி, ட்ரியஸ்டே நகருக்குப் பக்கத்தில் மூஜா என்றொரு சிறிய துறைமுக ஊர் இருக்கிறது. ஹூப்னர் பிறந்தது அங்கேதான். பள்ளிக்குப் பிறகு அலுமினிய ஜன்னலும் கதவும் பொருத்தும் வேலைக்குப் போனார். கால்பந்து மாலை நேரத்துக்கானது. எதிர்கால நட்சத்திரங்களைப் பெரிய கிளப்புகளின் இளைஞர் பயிற்சிக்கூடங்கள் பதினான்கு, பதினைந்து வயதிலேயே பொறுக்கி எடுத்துவிடும். அந்த வலையில் இவர் விழவே இல்லை. 1987இல், இருபது வயதில், பியெவிஜீனா என்ற அணியில் ஏறக்குறைய அமெச்சூர் நிலையில் ஆடினார். அடுத்த ஆண்டு பெர்கோக்ரெமாவில் சீரி சி2. அதன் பிறகு அட்ரியாட்டிக் கடற்கரையில் இருக்கும் ஃபானோவில் மூன்று பருவங்கள். பிற்காலத்தில் உடினேசே அணியால் பெயர் பெற்ற ஃப்ரான்செஸ்கோ குயிதோலின் அப்போது இளம் பயிற்சியாளராக அங்கே வந்தார். ஃபானோ சி1க்கு ஏறியது. ஏறிய கையோடு ஹூப்னர் அந்த அடுக்கின் முதல் கோல்காரரானார். அப்போது வயது இருபத்தைந்து. சீரி ஏ இன்னும் ஐந்து ஆண்டு தொலைவில் இருந்தது.

அந்த ஐந்து ஆண்டும் செசேனாவில் கழிந்தன. இந்தப் பகுதியை எல்லோரும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. 1994 ஜூனில் சீரி ஏக்கு ஏறும் கடைசி இடத்துக்காக செசேனாவும் படோவாவும் க்ரெமோனா நகரில் ஒற்றை ஆட்டத்தில் மோதின. படோவா 2-1 என்று வென்றது. அந்த ஒரு மாலை வேறு மாதிரி முடிந்திருந்தால் ஹூப்னர் இருபத்தேழு வயதில் சீரி ஏக்கு வந்திருப்பார். முடியவில்லை, செசேனாவிலேயே தங்கினார். 1995-96இல் சீரி பியின் முதல் கோல்காரரான பிறகும் மேலே இருந்து யாரும் கைநீட்டவில்லை. அடுத்த பருவம் செசேனா மூன்றாம் அடுக்குக்கே இறங்கியது. இத்தாலியில் 'இந்த ஆள் அந்த அடுக்குக்கான ஆள்' என்று ஒரு பேச்சு உண்டு. சீரி பியில் நிறைய கோல் அடித்தவரைப் பார்த்தால் அவர் சீரி பிக்குப் பொருத்தமானவர் என்று சொல்லிவிடுவார்கள். எவ்வளவு அதிகமாக அடிக்கிறாரோ அவ்வளவு உறுதியாக அந்த முத்திரை ஒட்டிக்கொள்ளும். திறமைக்கான ஆதாரத்தையே வரம்புக்கான ஆதாரமாக மாற்றிவிடும் விசித்திரமான தர்க்கம் இது. ஹூப்னரின் இருபதுகளை இது முழுசாகத் தின்றுவிட்டது.

அந்தக் காலச் சந்தையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொண்ணூறுகளின் சீரி ஏதான் உலகத்திலேயே பணம் புரண்ட லீக். பாட்டிஸ்டூட்டா, ஜார்ஜ் வேயா, பிறகு ரொனால்டோ என்று உலகின் முன்வரிசை அங்கே வந்து குவிந்திருந்தது. 1995 டிசம்பரில் வந்த போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்டக்காரர்களுக்கு இருந்த எண்ணிக்கை வரம்பும் போயிற்று. ஒரு சின்ன கிளப்பின் தலைவருக்கு வெளிநாட்டுப் பெயர் ஒன்றை வாங்கிக் காட்டினால் டிக்கெட் விற்கும், பத்திரிகையில் படம் வரும். சீரி பியில் இருபத்திரண்டு கோல் அடித்த இருபத்தொன்பது வயது முன்னாள் ஜன்னல் தொழிலாளியை வாங்கினால் யார் கைதட்டுவார்கள்? மறுவிற்பனையும் கிடையாது. ஆக, ஹூப்னர் தாமதமாக வந்ததற்கும் அவருடைய காலுக்கும் சம்பந்தம் குறைவு.

கடைசியில் 1997 கோடையில் சீரி ஏக்கு ஏறிவந்திருந்த ப்ரெஷியா அவரை எடுத்தது. முதல் ஆட்டம் 1997 ஆகஸ்ட் 31, மிலான் நகரின் சான் சீரோ மைதானம், எதிரே இன்டர். உலகமே அன்று அங்கே பார்த்தது ரொனால்டோவை. அவருக்கு அது சீரி ஏயில் முதல் ஆட்டம். முதல் கோலை அடித்தவர் முப்பது வயதில் அறிமுகமான ஹூப்னர். பிறகு மாற்று ஆட்டக்காரராக வந்த அல்வரோ ரெகோபா வெகு தொலைவிலிருந்து இரண்டு கோல்கள் அடித்து ஆட்டத்தை 2-1 என்று இன்டர் பக்கம் திருப்பினார். ரெகோபாவுக்கும் அது அறிமுக ஆட்டம்தான். அந்த இரு கோல்களும் இன்றும் காட்டப்படுகின்றன. ஹூப்னர் அந்தப் பருவம் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தார்; மொத்தம் 16. ஆனாலும் ப்ரெஷியா கீழே இறங்கியது. இரண்டு ஆண்டு சீரி பியில் ஆடி, 2000இல் அணியை மறுபடியும் மேலே கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர்.

2000-01 பருவம் இந்தச் சோதனையில் தனி இடம் பெறுகிறது. பயிற்சியாளர் கார்லோ மட்ஸோனே, ராபர்ட்டோ பாஜியோவை ப்ரெஷியாவுக்குக் கூட்டிவந்தார். பருவத்தின் நடுவில் இளம் ஆந்த்ரேயா பிர்லோவும் இன்டரிலிருந்து கடனுக்கு வந்து சேர்ந்தார். வாழ்நாளில் முதல்முறையாக ஹூப்னருக்குப் பின்னால் உலகத்தரமான கால்கள். அவர் 17 கோல் அடித்தார், பாஜியோ 10. இதைக் காட்டி, பாஜியோ பந்து கொடுத்தால் யார்தான் அடிக்க மாட்டார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. பாஜியோ இல்லாத 1997-98இல் 16, பாஜியோவோடு 17, பாஜியோவை விட்டுப் போன மறு ஆண்டே 24 என்ற வரிசையை அவர்கள் சேர்த்துப் படிக்க வேண்டும். பாஜியோ அவருக்கு உதவினார், சந்தேகமில்லை. அவரை உருவாக்கவில்லை.

2001 கோடையில் ப்ரெஷியா, விச்சென்சாவிலிருந்து லூகா டோனி என்ற இருபத்துநான்கு வயது ஸ்ட்ரைக்கரை வாங்கியது. ஹூப்னர் பியாச்சென்சாவுக்குப் போனார். பியாச்சென்சா அதுவரை சீரி ஏயில் இத்தாலியர்களை மட்டுமே வைத்து ஆடிவந்த கிளப். அந்த ஆண்டுதான் மாட்டுஸலேம், அமாவ்ரி போன்ற பிரேசிலியர்களைச் சேர்த்தது. வால்டர் நோவெல்லினோ பயிற்சியாளர். ஆரம்பத்திலிருந்தே குறிக்கோள் ஒன்றுதான், கீழே இறங்காமல் தப்பிப்பது. பதினெட்டு அணிகளில் நான்கு இறங்க வேண்டிய காலம் அது. அப்படிப்பட்ட அணியில், முப்பத்துநான்கு ஆட்டங்கள் கொண்ட பருவத்தில், 24 கோல்கள். அணி அடித்ததில் ஏறக்குறைய பாதி. வியரி இன்டருக்காக அடித்தது 22, டி வாயோ பார்மாவுக்காக 20. 2002 மே 5, கடைசி நாள்: உடினேவில் யுவெண்டஸ் ஜெயித்துச் சாம்பியன் ஆயிற்று, அதே நேரத்தில் பியாச்சென்சா 3-0 என்று வெரோனாவைத் தோற்கடித்தது, ஹூப்னரும் கோல் அடித்தார். தோற்று இறங்கிப்போன அந்த வெரோனாவில் முட்டு என்ற ஸ்ட்ரைக்கர் இருந்தார். கமொரானேசி, ஓடோ, ஜிலார்டினோ இருந்தார்கள். இந்த மூவரும் நான்கு ஆண்டு கழித்து உலகக்கோப்பை வென்ற இத்தாலிய அணியில் இடம்பெற்றவர்கள். அடிமட்டப் போட்டியே இவ்வளவு கடுமையாக இருந்த லீக்கில், முப்பத்தைந்து வயது நிரம்பி ஒரு வாரமே ஆனவர் ட்ரெஸெகேக்குச் சமமாக வந்து நின்றார்.

இங்கே வரும் முக்கியமான மறுப்பை மழுப்பாமல் எடுத்துக்கொள்கிறேன். சின்ன அணியில் கோல் அடிப்பது ஒருவகையில் சுலபம் என்பார்கள். அங்கே எல்லாப் பந்தும் ஒருவருக்கே வரும், பெனால்டியும் அவருக்கே, பெரிய கிளப்பில் அதே வாய்ப்புகளை மூன்று பேர் பங்குபோட வேண்டும். அணியின் கோல்களில் பாதி அவருடையது என்பது பெருமையா, அணிக்கு வேறு நாதியில்லை என்பதன் அறிகுறியா? கேள்வி நியாயமானதுதான். பங்கு பெரிது என்பது உண்மை. ஆனால் பங்குபோடும் பண்டமே சின்னது. கீழே இறங்காமல் தப்பிக்க ஆடும் அணி ஆட்டத்தின் பெரும்பகுதியைத் தன் பாதியிலேயே கழிக்கும். அதன் ஸ்ட்ரைக்கருக்கு எதிரணிப் பெட்டிக்குள் பந்து வருவதே எப்போதாவதுதான். வரும்போதும் ஒழுங்காக வராது. பின்னாலிருந்து தூக்கி அடித்த நீளப் பந்து, இரண்டு டிஃபெண்டர்களுக்கு நடுவில் விழும் அரைகுறைப் பந்து, நாற்பது மீட்டர் தனியாக ஓடி முடிக்க வேண்டிய எதிர்த்தாக்குதல். அந்த முப்பத்துநான்கு ஆட்டங்களில் எதிரே நின்றவர்கள் நெஸ்டா, மால்டினி, துராம், கன்னவாரோ. ஹூப்னர் காட்டெருமை என்ற பெயருக்கு எதிர்பாராத வேகம் உள்ளவர். டிஃபெண்டரின் முதுகுப்பக்கம் எப்போது கிளம்ப வேண்டும் என்ற கணிப்பு அவருடைய நிஜமான சொத்து. நீளப் பந்தைத் துரத்தி, தோளால் இடம்பிடித்து, முதல் தொடுதலிலேயே அடிக்கத் தயாராகிவிடுவார். இந்தக் கைவண்ணத்தைச் சிகரெட் கதைகளில் யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

இதைவிடக் கடினமான மறுப்பு இகோர் ப்ரோட்டியின் வாழ்க்கையிலிருந்தே வருகிறது. ரிமினியில் பிறந்து, லிவோர்னோ, மெஸீனா என்று சுற்றி, பாரிக்கு வந்தவர் ப்ரோட்டி. 1995-96இல் பாரிக்காக 24 கோல் அடித்து, லாசியோவின் சின்யோரியோடு சேர்ந்து சீரி ஏயின் முதல் கோல்காரரானார். அதே பருவத்தில்தான் ஒரு படி கீழே, சீரி பியில், ஹூப்னர் முதலிடத்தில் இருந்தார். ப்ரோட்டியும் அணியின் கோல்களில் ஏறக்குறைய பாதியை அடித்திருந்தார், ஆனால் பாரியின் பின்வரிசை ஓட்டையாக இருந்ததால் அணி கீழே இறங்கிவிட்டது. அதிக கோல் அடித்தவரை வைத்துக்கொண்டே ஓர் அணி சீரி ஏயிலிருந்து இறங்கியது அபூர்வமான சம்பவம். அந்த 24 கோல்களுக்குப் பரிசாக லாசியோ அவரை வாங்கியது. பெரிய கிளப், நல்ல நடுக்களம், வாய்ப்புகள் ஏராளம். ஆனால் அங்கே அவர் லீக்கில் அடித்தது 7 கோல்கள்தான். ரோமா அணிக்கு எதிரான நகர ஆட்டத்தில் கடைசி நிமிடத்தில் சமன் செய்த கோல் ஒன்று லாசியோ ரசிகர்களுக்கு இன்றும் இனிக்கும், அவ்வளவே. மறு ஆண்டு நேப்பிள்ஸ் அணிக்குப் போனார். அந்த நபோலி பருவம் முழுக்க 14 புள்ளிகள் மட்டும் எடுத்துக் கடைசி இடத்தில் இறங்கியது. ஆக, நாடோடியின் கோல்கள் எந்த மண்ணிலும் முளைக்கும் என்ற என் வாதம் இங்கே உடைகிறதா?

முழுசாக உடையவில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் வாதத்தைச் செப்பனிட வேண்டியிருக்கிறது. லாசியோவில் ப்ரோட்டிக்கு முன்னால் சின்யோரியும் கசிராகியும் இருந்தார்கள். தொடர்ந்து முதல் பதினொருவரில் ஆடித் தன் தாளத்தைப் பிடிக்கும் ஆள் அவர். அந்த வாய்ப்பு அங்கே இல்லை. நபோலியிலோ யார் ஆடியிருந்தாலும் தேறியிருக்க மாட்டார்கள். எனவே மண் முற்றிலும் பாழானால் எந்த விதையும் முளைக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹூப்னருக்கும் அது நடந்தது: 2003-04இல் முப்பத்தாறு வயதில் அங்கோனாவுக்குப் போனார். அந்த அணி பருவம் முழுவதும் எடுத்தது 13 புள்ளிகள், அங்கே அவரால் ஒரு கோலும் அடிக்க முடியவில்லை. என் வாதத்துக்கு இவை வரம்புகள். ஆனால் ப்ரோட்டியின் கதை நேப்பிள்ஸில் முடியவில்லையே. 1999இல், சீரி ஏயின் முதல் கோல்காரராக இருந்த ஒருவர், தன் பழைய லிவோர்னோவுக்கு, மூன்றாம் அடுக்குக்கு, விரும்பி இறங்கினார். அங்கே சி1இன் முதல் கோல்காரரானார். 2002இல் லிவோர்னோ சீரி பிக்கு ஏறியதும், 2002-03இல் 23 கோலோடு அந்த அடுக்கிலும் முதலிடம். 2004இல், உள்ளூர்ப் பிள்ளை கிறிஸ்டியானோ லுகரெல்லியோடு சேர்ந்து, அரை நூற்றாண்டுக்கு மேல் சீரி ஏயைப் பார்க்காத அந்தத் துறைமுக ஊரை உச்ச அடுக்குக்குக் கொண்டுவந்தார். ஹூப்னர் கீழிருந்து மேலே ஏறிய அதே மூன்று படிகளை ப்ரோட்டி மேலிருந்து தொடங்கித் தொட்டார். எதிரெதிர் முனைகளில் தொடங்கிய இருவருக்கும் ஒரே விடை கிடைத்திருக்கிறது என்றால், அது வெறும் அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட முடியாது.

இனி சிகரெட்டுக்கு வருகிறேன். ப்ரெஷியாவின் தலைவராக இருந்த ஜீனோ கொரியோனி, இந்தப் பழக்கங்கள் மட்டும் இல்லாவிட்டால் ஹூப்னர்தான் எல்லோரிலும் சிறந்தவராக இருப்பார் என்ற பொருளில் பேசியதாக ஒரு பேச்சு இத்தாலியில் உலவுகிறது. 2002 கோடையில் மிலான் கிளப் அவரை அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குச் சோதனையாகக் கூட்டிப்போனது, ஒப்பந்தம் போடவில்லை. இடைவேளையில் அவர் புகைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள் என்று கதை சொல்கிறார்கள். இந்தக் கதையின் கவர்ச்சி எனக்குப் புரிகிறது, ஆனால் அது விளக்குவது மிகக் குறைவு. மிலானில் அப்போது இன்ஸாகியும் ஷெவ்சென்கோவும் இருந்தார்கள். முப்பத்தைந்து வயதுக்காரரை மூன்றாவது ஆளாக எடுக்கத் தயங்குவதற்குச் சிகரெட் தேவையே இல்லை. ஒழுக்கமின்மை காரணம் என்றால் உடல் முதலில் தளர்ந்திருக்க வேண்டும். அவரோ தன் வாழ்நாளின் மிகச் சிறந்த பருவத்தை முப்பத்துநான்கைத் தாண்டி ஆடினார். அடுத்த பருவத்திலும், இறங்கிப்போன பியாச்சென்சாவுக்காக, 14 கோல் அடித்தார். தொண்ணூறுகளின் இத்தாலியில் புகைத்த ஆட்டக்காரர் அவர் ஒருவர் மட்டுமல்ல. மற்றவர்களுக்கு அது ஒரு தனிப்பட்ட பழக்கமாக இருந்தது, இவருக்கு அதுவே அடையாளமாகிவிட்டது. பெரிய கிளப்புகள் இவரை இருபத்தைந்தில் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வியைக் கேட்காமல் தப்பிக்க, க்ராப்பா ஒரு வசதியான பதிலாகிப்போனது.

தேசிய அணி விஷயத்தில் என் நிலை கொஞ்சம் தளர்வானது. ஹூப்னர், ப்ரோட்டி இருவருக்குமே இத்தாலிக்காக ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. 1998 உலகக்கோப்பைக்கு ஹூப்னரை எடுத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்; வியரி, டெல் பியரோ, இன்ஸாகி இருந்தார்கள், போலோன்யாவுக்காக 22 கோல் அடித்த பாஜியோவும் இருந்தார். இத்தாலியில் முன்வரிசை இவ்வளவு செழித்த தலைமுறை வேறில்லை. 2002இல் பயிற்சியாளர் ட்ராபட்டோனி எடுத்த அணியிலும் வியரி, இன்ஸாகி, டெல் பியரோ, டோட்டி, மொன்டெல்லா, டெல்வெக்கியோ. முப்பத்தைந்து வயதுக்காரரை இவர்களுக்கு மேலே வைத்திருக்க வேண்டும் என்பதும் சுலபமான வாதமில்லை. என் புகார் உலகக்கோப்பையைப் பற்றியதே அல்ல. 1997இலிருந்து 2002 வரை இத்தாலி எத்தனையோ நட்பு ஆட்டங்கள் ஆடியது, அவற்றில் ஒன்றுகூட இவருக்கு இல்லை. ப்ரோட்டியின் விஷயம் இன்னும் கூர்மையானது: 1996 ஐரோப்பியக் கோப்பைக்கு இத்தாலியின் பயிற்சியாளர் அரிகோ சாக்கி, அந்தப் பருவத்தின் இரண்டு முதல் கோல்காரர்களான ப்ரோட்டி, சின்யோரி இருவரையும் விட்டுவிட்டுப் போனார், இத்தாலி முதல் சுற்றிலேயே வெளியேறியது. இவர்கள் போயிருந்தால் ஜெயித்திருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தேர்வாளர்களின் தராசில் கோலைவிட, அது எந்த ஊர் மைதானத்தில் விழுந்தது என்பதற்கு எடை கூடுதலாக இருந்தது என்பது மட்டும் தெளிவு.

கடைசியாக ஒரு மறுப்பு பாக்கியிருக்கிறது. நிஜமான திறமை எப்படியும் மேலே வந்துவிடும், லூகா டோனியைப் பாருங்கள் என்பார்கள். நானும் அவரைப் பார்க்கத்தான் சொல்கிறேன். மோடெனா, எம்போலி, ஃபியோரென்சுவோலா, லோடிஜானி, ட்ரெவீசோ, விச்சென்சா என்று ஹூப்னரைப் போலவே சின்ன ஊர்களைச் சுற்றியவர் டோனி. ஹூப்னரின் இடத்தில் ப்ரெஷியாவுக்கு வந்த முதல் பருவத்தில் அடித்தது 13. இரண்டாம் பருவம் காயத்தோடு போயிற்று. 2003இல், இருபத்தாறு வயதில், அவரும் சீரி பிக்குத்தான் இறங்கினார். ஆனால் இறங்கிய இடம் பலெர்மோ. மவுரிசியோ சம்பரீனி பணத்தைக் கொட்டி உச்சத்துக்குத் தள்ளிக்கொண்டிருந்த கிளப். அங்கே 30 கோல் அடித்து அணியோடு சீரி ஏக்கு ஏறினார். 2004இல்தான், இருபத்தேழு வயதில், தேசிய அணி கூப்பிட்டது. 2005-06இல் ஃபியோரென்டினாவுக்காக 31 கோல், ஐரோப்பாவின் தங்கக் காலணி, அந்தக் கோடையில் உலகக்கோப்பை, பிறகு பேயர்ன் மூனிக். இருபத்தேழு வயதில் ஹூப்னர் எங்கே இருந்தார்? க்ரெமோனாவில் ஓர் ஆட்டம் தோற்று, செசேனாவில் மறுபடியும் சீரி பியில். இருவருக்கும் அந்த வயதில் இருந்த வித்தியாசத்தைத் திறமை என்று சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. சம்பரீனி போன்ற ஒருவர் அமைந்தாரா இல்லையா என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2014-15இல் முப்பத்தெட்டு வயதை நெருங்கிய டோனி, வெரோனாவுக்காக 22 கோல் அடித்து, இன்டரின் இகார்டியோடு சேர்ந்து சீரி ஏயின் முதல் கோல்காரரானார். மிக மூத்த வயதில் அந்த இடத்தைப் பிடித்தவர் என்று அதுவரை இருந்த பெயர் பியாச்சென்சாவின் ஹூப்னருடையது.